மூன்றாம் லைனின் முழு வடிவக்காரர்

முழு வடிவக்காரர் என்றொரு இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். பார்வைக்கு நம்மைப் போலத்தான், இரண்டு கை, இரண்டு கால், இரண்டு காது. காதுகளை மட்டும் கொஞ்சம் பெருமையோடு வைத்திருப்பார். ஏதோ ஒரு பாட்டு பிடித்திருக்கிறது என்று அவர் எதிரில் வாய்தவறிச் சொல்லிவிட்டீர்கள் என்று வையுங்கள். உடனே அவர் முகத்தில் ஓர் இரக்கம் படரும். பந்தியில் பாயசம் வருவதற்குள் எழுந்து கைகழுவப் போய்விட்டவனைப் பார்ப்பது போன்ற இரக்கம். "நீங்க கேட்டது கட் பண்ணது" என்பார். தீர்ந்தது. உங்கள் மாலை இனி உங்களுடையதல்ல.

நீங்கள் கேட்டது எதுவானாலும் அது வெட்டப்பட்டது. நீங்கள் பார்த்தது எதுவானாலும் அது குறைக்கப்பட்டது. உலகம் உங்களுக்கு இதுவரை துண்டுதுண்டாகத்தான் பரிமாறப்பட்டிருக்கிறது. முழு இலையும் அவர் வீட்டில் இருக்கிறது, பிரிக்காத பிளாஸ்டிக் உறைக்குள்.

அவரை அடையாளம் காண்பது எளிது. பாட்டைப் போடுவார். ஆள்காட்டி விரலை உயர்த்துவார். கண்ணை மூடுவார். "இப்ப வரும் பாரு" என்பார். நீங்கள் காத்திருப்பீர்கள். வராது. "இப்ப... இப்ப..." மறுபடி காத்திருப்பீர்கள். கடைசியில் அது வரும். ஆனால் வரும்போது அவர் "வந்துச்சா? கேட்டியா? இதத்தான் சொன்னேன், இது ஒரிஜினல்ல கெடையாது, தயாரிப்பாளர் தூக்கச் சொல்லிட்டாரு" என்று பேசிக்கொண்டிருப்பார். வந்தது போய்விட்டிருக்கும். இசையை இவ்வளவு நேசிக்கும் ஒருவர், பக்கத்தில் இருப்பவர் அதைக் கேட்டுவிடக் கூடாது என்று ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும்? எனக்கு இன்றுவரை பதில் தெரியாது.

நான் பார்த்துப் பழகிய முழு வடிவக்காரரின் பெயர் ஜோயல். ஒரகடத்தில் கார் இருக்கைகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்பு எஞ்சினியர். அதே தொழிற்சாலையில் நான் பயிற்சி எஞ்சினியர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அரசாங்கம் ஒரு சான்றிதழ் தருகிறது, கட்டணத்தில் சலுகை தருகிறது. ரசனை எங்கே வழங்கப்படுகிறது, எந்த கவுண்டரில் நிற்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. எனக்குப் பிடித்த பாட்டு எனக்கு உண்மையிலேயே பிடிக்கிறதா, அல்லது ஷேர் ஆட்டோவில் அதுதான் ஓடியது என்பதால் பிடித்துப்போனதா என்று நான் குழம்பிக்கொண்டிருந்த காலத்தில்தான் ஜோயல் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குழப்பமே இல்லாத ஒரு மனிதர்! சேரப்பணஞ்சேரி நிறுத்தத்தில் ஏறியவர் இருக்கையில் முதுகு படுவதற்குள் கேட்டார்:

"மச்சி, ‘அண்டவெளி அடகுக்கடை’ பாத்துக்கிறியா?"

நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள். அது வெளியான வாரத்தில் தியேட்டர்காரர்களே பார்க்கவில்லை. ஒரு பறக்கும் தட்டு வாலாஜாபாத் சாலையோரம் பழுதாகி இறங்கிவிடுகிறது. உதிரி பாகம் வாங்கக் காசில்லாத வேற்றுக்கிரகவாசிகள் தட்டையே அடகு வைக்கப் போகிறார்கள். கடைக்காரர் அதை உரசிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "செம்பு கலந்தது" என்கிறார். கதை இவ்வளவுதான். வார இறுதியில் பெட்டிக்குள் போன படம் அது. பிறகு ஏதோ ஒரு தொலைக்காட்சி, போட வேறு படம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் இதைப் போட்டுப் போட்டு, ஒரு கூட்டத்தைச் சேர்த்துவிட்டது. அந்தக் கூட்டத்தார் எதைக் குறை சொல்வதானாலும் "செம்பு கலந்தது" என்றுதான் சொல்வார்களாம். ஜோயல் சொல்வார். கேன்டீன் சாம்பாரைச் சொல்வார். புது ஜெனரல் மேனேஜரைச் சொல்வார். தட்டு இறங்கும் காட்சி எங்கள் கேன்டீன் இருக்கும் இடத்தில்தான், அது முள்காடாக இருந்தபோது, எடுக்கப்பட்டது என்றும் சொல்வார். ஆதாரம்? "அந்த வேப்பமரத்தப் பாரு மச்சி, தெர்ல?"

இந்தப் படத்தின் பின்னணி இசைதான் போன வருடம் விரிவாக்கப்பட்ட மறுவெளியீடாக வந்தது. இரண்டு பெரிய இசைத்தட்டுகள், தடித்த அட்டைப் பெட்டி, படங்களோடு ஒரு புத்தகம், கணினியில் இறக்கிக்கொள்ள ஒரு ரகசிய எண். படத்தில் வந்த இசை, படத்தில் வராத இசை, வருவதாக இருந்து கடைசி நிமிடத்தில் வராமல் போன இசை, வாத்தியக்காரர்கள் சுருதி சேர்க்கும்போது தவறுதலாகப் பதிவான இசை, எல்லாம் இருந்தன. ஜோயலிடம் ஒன்று மட்டும் இல்லை. இசைத்தட்டை ஓட்டும் கருவி. அவர் வீட்டுக்கு நான் போனபோது பெட்டி சுவரில் மாட்டியிருந்தது. பிரிக்கவில்லை.

"பாட்டுப் பொட்டி இல்லாம தட்ட மட்டும் வாங்கினு வந்து மாட்டிக்கிறாம்பா. தெனம் தொடச்சுனு வேற கீறான்" என்றார் அவர் அம்மா.

"உனுக்குத் தெரியாதும்மா. பிரிச்சா மதிப்பு போயிடும்" என்றார் ஜோயல்.

ரகசிய எண்ணால் இறக்கிய இசையைத்தான் பஸ்ஸில் எனக்குப் போட்டுக்காட்டினார். ஒரு காதுக்கருவி அவருக்கு, ஒன்று எனக்கு. விரல் உயர்ந்தது. கண் மூடியது. "இப்ப வரும் பாரு, வயலின்." எனக்கு ஒன்றும் வரவில்லை. ஒரகடம் மேம்பாலம் வந்தது, வயலின் வரவில்லை. சொன்னேன். கண்ணைத் திறந்தவர் பதறிப்போனார். "அய்யய்ய, வயலின் மொத்தம் ரைட் சைடுல கீது மச்சி! நீ லெஃப்ட்ட வச்சுனுக்கிற!" முழு வடிவத்தில் எனக்குக் கிடைத்தது பாதிக் காது. அதற்கும் தலையாட்டினேன். அவரோடு பழகுவதில் பெரும்பகுதி தலையாட்டுவதுதான்.

இதோடு நின்றிருந்தால் ஜோயல் யாருக்கும் தொல்லை இல்லாத ஜீவன். ஆனால் முழு வடிவக்காரர் நிற்பாரா?

எங்கள் லைனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இருக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாக நகர்ந்து வரும். அவரவர் இடத்தில் அவரவர் தமக்கான பாகத்தைப் பூட்டுவார்கள். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு கயிறு. ஏதாவது கோளாறு என்றால் கயிற்றை இழுக்க வேண்டும். இழுத்தால் அந்த லைனுக்கென்று வைத்த மெட்டு ஒலிபெருக்கியில் பாடும். மெட்டைக் கேட்ட குரூப் லீடர் எங்கிருந்தாலும் ஓடிவந்து, இருக்கை தரையில் போட்ட மஞ்சள் கோட்டைத் தாண்டுவதற்குள் கோளாறைச் சரிசெய்து, கயிற்றை மறுபடி இழுத்துவிட வேண்டும். தவறினால் லைன் மொத்தமும் நின்றுவிடும். முதல் லைனுக்கு வீட்டு வாசலில் கேட்கும் குருவி மணி. இரண்டாவது லைனுக்குப் பள்ளிக்கூட மணி. மூன்றாவது லைனின் மெட்டுப் பெட்டி ஜோயலின் பராமரிப்பில் இருந்தது. அதில் அவர் எதை வைத்திருப்பார் என்று நான் சொல்ல வேண்டுமா?

தட்டு பழுதாகும் காட்சியில் வேற்றுக்கிரகத் தலைவர் சிவப்புப் பொத்தானை அமுக்கும்போது ஒலிக்கும் மெட்டு. "டிங் டிடி டொய்ங், டொய்ங், டிடி டொய்ங்." படத்தின் பெயர்கூடத் தெரியாமல் லைனில் எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. கைகழுவும்போது முணுமுணுப்பார்கள். குரூப் லீடர் ரகுபதிக்கோ அது கால்களிலேயே இறங்கிவிட்டது. உள்ளூர்க்காரர், தொப்பை உள்ளவர், சாதாரணமாக ஓடுகிறவர் அல்ல. டொய்ங் கேட்டால் டீயைக் கீழே வைக்காமலே ஓடுவார். ஒருமுறை கேன்டீனில் யாரோ விளையாட்டாகப் பாட, பாதி இட்லியோடு வாசல்வரை ஓடிவிட்டுத் திரும்பி வந்து திட்டினார்.

ஊருக்கே பிடித்திருந்தது. ஒருவருக்கு மட்டும் அதில் நிம்மதி இல்லை.

"கட் பண்ணத கேட்டுனு சந்தோஷமா கீறாங்க பாரு" என்றார் ஜோயல், உண்மையான வேதனையோடு. "டொய்ங்குக்கு முன்னாடி காத்து கீது மச்சி. அண்டவெளியோட தனிமை. அது இல்லாம டொய்ங் வந்தா அதுக்கு இன்னா அர்த்தம்?"

இந்த நேரத்தில்தான் ஆடிட் வந்தது. எங்கள் இருக்கைகளை வாங்கும் கார் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து லைனைப் பார்ப்பார்கள். எல்லோருக்கும் அது பதற்றமான நாள், கவிப்பிரியாவுக்கு வாழ்க்கை. பென்னலூர்ப் பெண், ஒப்பந்தத் தொழிலாளி, சீட் பெல்ட் கொக்கியைப் பூட்டும் இடத்தில் நின்றாள். பெர்மனென்ட் ஆக்குவதற்கு அந்த வருடம் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. ஆடிட்டில் கொக்கி இடம் சுத்தமாகத் தேறினால் அவள் பெயரை அனுப்புவதாக மேலாளர் சொல்லியிருந்தார். தேறாவிட்டால் அடுத்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. அவ்வளவுதான் கணக்கு.

முந்தின நாள் கேன்டீனில் ஜோயல் எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்தார். "நாளைக்கு உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ்."

கவிப்பிரியா சோற்றில் வைத்த கையை எடுத்தாள். "சார், சர்ப்ரைஸ்லாம் வாணா சார். நாளைக்கு ஆடிட்டு. எதையும் மாத்திடாதீங்க."

"மாத்தலம்மா. முழுசாக்குறேன்."

அருகில் இருந்த இசக்கிதுரை, திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், அடுத்த இடத்தில் தலைச்சாய்ப்பு பூட்டுகிறவன், மெல்ல என்னிடம் கேட்டான்: "என்னண்ணே, இவரு முழுசாக்குதேன்னு சொல்லுதாவ, நம்ம லைனு தாங்குமா?"

மறுநாள் ஆடிட்டர் வந்தார். செந்தாமரை என்ற பெண்மணி. சிரிப்பதற்குத் தனிக் கட்டணம் உண்டு என்பது போன்ற முகம். ரகுபதி இஸ்திரி போட்ட சட்டையில் அவரை லைனின் மறுகோடிக்கு அழைத்துப்போய் எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். ஜோயல் ஒலிபெருக்கிக்குக் கீழே, நல்ல இடம் பார்த்து, கைகட்டி நின்றார்.

கவிப்பிரியாவின் இடத்துக்கு ஓர் இருக்கை வந்தது. கொக்கியின் போல்ட்டை வைத்துத் திருகினாள். மரை ஏறவில்லை. எடுத்து மறுபடி வைத்தாள். ஏறவில்லை. பயந்துபோன வேறொருத்தி அப்படியே அனுப்பியிருப்பாள். கவிப்பிரியா நிமிர்ந்து கயிற்றை இழுத்தாள்.

ஒலிபெருக்கியிலிருந்து வந்தது காற்று.

"ஸ்ஸ்ஸ்ஸ்" என்று, மெல்ல, அண்டவெளியின் மொத்தத் தனிமையோடு. இருக்கை நகர்ந்துகொண்டிருந்தது. யாரும் திரும்பவில்லை.

"என்னது, ஏர் பைப் ஒடஞ்சு போச்சா?" என்றான் இசக்கிதுரை.

கவிப்பிரியா ஒலிபெருக்கியைப் பார்த்தாள். காற்று. மறுகோடியில் ரகுபதி ஆடிட்டருக்கு இன்னும் விளக்கிக்கொண்டிருந்தார். எவ்வளவு கத்தினாலும் அந்த இரைச்சலில் அவருக்குக் கேட்காது. கேட்டாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கையைக் காட்டி ‘இரு’ என்பார். மஞ்சள் கோடு நெருங்கியது. அவள் ஜோயலைப் பார்த்தாள்.

ஜோயல் விரலை உயர்த்தியிருந்தார். கண்கள் மூடியிருந்தன. "இப்ப வரும் பாரு."

"சார்! லைன் நின்னுடும் சார்!"

"பொறும்மா. இப்ப... இப்ப..."

அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? இருக்கையைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், மூச்சை இழுத்தாள், தொண்டை கிழியப் பாடினாள்:

"டிங் டிடி டொய்ங்ங்!"

இசக்கிதுரை ஒரு நொடி வாயைப் பிளந்து நின்றான். பிறகு புரிந்துகொண்டு, கோயில் கொடைத் திருவிழாவில் பழகிய குரலை முழுதாகத் திறந்தான்: "டொய்ங்ங்!" அவனுக்கு அடுத்தவள் பிடித்தாள். அதற்கடுத்தவன் பிடித்தான். கையில் இருந்த வேலையை ஒருவரும் விடவில்லை. திருகியபடியும், தைத்தபடியும், துடைத்தபடியும் மூன்றாம் லைன் முழுவதும் பாடியது: "டிடி டொய்ங்ங்! டிங் டிடி டொய்ங்ங்!" இரண்டாம் லைன்காரர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். நானும் பாடினேன். சுருதியா, தாளமா, எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் இது எனக்குப் பிடிக்கிறதா என்ற சந்தேகம் அந்த நேரத்தில் மட்டும் வரவில்லை.

மறுகோடியில் ரகுபதியின் வாய் விளக்கிக்கொண்டே இருந்தது; கால்கள் புறப்பட்டுவிட்டன. சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தின் பாதியை ஆடிட்டரிடம் விட்டுவிட்டு, தொப்பை முன்னே போக, அவர் பின்னே வந்தார்.

"இன்னாம்மா ஆச்சு?"

"மரை ஏறல சார்!"

போல்ட்டைப் பிடுங்கினார், மாற்றுப் போல்ட்டை வைத்தார், முறுக்குக் கருவியை அழுத்தினார். ‘டக்’ என்றது. இருக்கையின் முன்கால் மஞ்சள் கோட்டைத் தொட்டது. ரகுபதி எம்பிக் கயிற்றை இழுத்துவிட்டார். லைன் நிற்கவில்லை.

மூச்சிரைத்தபடி எல்லோரும் திரும்பினால் ஆடிட்டர் செந்தாமரை பின்னால் நிற்கிறார்.

"இது என்ன?" என்றார்.

ரகுபதி இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கவிப்பிரியாதான் சொன்னாள். "கயிறு இழுத்தேன் மேடம். பாட்டு வரல. அவருக்குக் கேக்கணும்ல, அதான் நாங்களே பாடிட்டோம்."

"பாட்டு ஏன் வரவில்லை?"

இந்தக் கேள்விக்குத்தான் எல்லோரும் பயந்தோம். ஜோயல் முன்னால் வந்தார். "வரும் மேடம். இப்ப வரும் பாருங்க."

கயிற்றை மறுபடி இழுத்தால் மெட்டு நிற்க வேண்டும். ஆனால் இசையைப் பாதியில் நிறுத்துவது அதற்குச் செய்யும் அவமரியாதை என்று அந்த வசதியையும் முந்தின நாள் ஜோயல் எடுத்துவிட்டிருந்தார். ஆகவே கோளாறு தீர்ந்து, ஆபத்து விலகி, எல்லாம் முடிந்த பிறகு, காற்று மெல்ல அடங்கியது. ஒரு வயலின் எங்கிருந்தோ வந்தது. அதன்மேல் இன்னொன்று. அப்புறம் ஒரு கூட்டமே எழுந்து வர, உச்சியில் வந்து நின்றது அந்த டிங் டிடி டொய்ங்.

வாசகரே, ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அழகாக இருந்தது. ஊருக்கு வெளியே வழிதெரியாமல் நின்ற ஒருவனுக்குத் தூரத்தில் பஸ் விளக்கு தெரிந்தது போல இருந்தது. எனக்கு இரண்டு காதிலும் கேட்டது அன்றுதான். இசக்கிதுரை கையில் தலைச்சாய்ப்போடு நின்றான். ஆடிட்டரின் முகத்தில்கூட ஏதோ இளகியது.

"இந்த எடத்துல ஒரிஜினல்ல புல்லாங்குழல் கெடையாது மேடம்" என்று ஆரம்பித்தார் ஜோயல், "ஏன்னா தயாரிப்பாளரு..."

"சார்," என்றாள் கவிப்பிரியா, "கொஞ்சம் வாய மூடுங்க சார். கேக்கணும்."

ஜோயல் வாயை மூடினார். என் அறிவுக்கு எட்டியவரை, அந்த இனத்தின் வரலாற்றில் அதுதான் முதல் முறை.

மெட்டு முடிந்தது. ஆடிட்டர் பேனாவை மூடினார். பிறகு, ஒரு நல்ல மனுஷி செய்யக்கூடிய மிகச் சாதாரணமான தவறைச் செய்தார்.

"நல்லாருக்கே. இது எந்தப் படம்?"

"மேடம், கேக்காதீங்க!" என்று லைனே அலறியது. ரகுபதி இரண்டு கைகளையும் விரித்துக் குறுக்கே பாய்ந்தார். தாமதமாகிவிட்டது. ஜோயலின் விரல் உயர்ந்துவிட்டது. அன்று ஆடிட்டருக்கு மத்தியானச் சாப்பாடு கிடைக்கவில்லை. வேப்பமரம் வரை நடத்தி அழைத்துப்போகப்பட்டார்.

ஆடிட்டில் இரண்டு குறிப்புகள் வந்தன. கருவி கைவிட்டபோதும் கோளாறான இருக்கையை அனுப்பாமல், லீடரை வரவழைத்த கொக்கி இடத்துக்குப் பாராட்டு. மெட்டுப் பெட்டிக்குக் கண்டனம். பழைய மெட்டை உடனே திரும்ப வைக்க வேண்டும். ஜோயல் மேலாளர் அறையில் அரைமணி நேரம் நின்றுவிட்டு வந்தார். மெட்டுப் பெட்டியைத் திறந்து, வெட்டப்பட்ட வடிவத்தைத் திரும்ப வைத்து, மூடினார். பாவமாகத்தான் இருந்தது.

அடுத்த மாதம் கவிப்பிரியா பெர்மனென்ட் ஆனாள். பஸ்ஸில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தாள். ஜோயலிடம் வந்தபோது அவர் மைசூர்பாகை வாங்கிக்கொண்டு, காதுக்கருவியை நீட்டினார். இரண்டையும்.

"இன்னா சார் இது?"

"போட்டுப் பாரும்மா."

போட்டுக்கொண்டாள். அவள் கண் விரிந்ததைப் பார்த்து நானும் ஒன்றைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். அன்றைக்கு லைனே பாடிய பாட்டு. ஜோயல் தன் காற்றைப் பதிவுசெய்து வைக்க செல்போனை ஓடவிட்டிருந்திருக்கிறார். காற்றுக்கு நடுவே நாங்கள் விழுந்திருக்கிறோம். கவிப்பிரியாவின் முதல் டொய்ங், இசக்கிதுரையின் கோயில் குரல், கடைசியில் ரகுபதியின் மூச்சிரைப்பு, ‘டக்’. ‘மூன்றாம் லைன் கோரஸ், மாற்று வடிவம்’ என்று பெயரும் வைத்திருந்தார்.

"எப்டி சார் கீது? செம்பு கலந்துக்கீதா?" என்றாள் கவிப்பிரியா.

ஜோயல் மைசூர்பாகைக் கடித்தார். "சுருதி ஒசந்துடுச்சு" என்றார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஆனா ஒரிஜினல்ல இது கெடையாது" என்றார். அவர் அகராதியில் இதைவிடப் பெரிய பாராட்டு இல்லை.

இனி உங்கள் பக்கம் வருகிறேன். ஜோயலைப் பார்த்து இவ்வளவு நேரம் சிரித்தீர்கள், நல்லது. நான் இதை முதலில் அரைப் பக்கத்தில் எழுதினேன். நண்பர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்குத்தான் மனம் கேட்கவில்லை, அது வெட்டப்பட்டது போல இருந்தது. ஆகவே என்னைப் பற்றித் தெரிந்துவிட்டது. நீங்கள்? இதைப் படித்து முடித்ததும், இதே மாதிரி ஒருவரை எனக்குத் தெரியும் என்று யாருக்காவது அனுப்பப் போகிறீர்கள். அனுப்பும்போது கீழே ஒரு வரி சேர்க்கத் தோன்றும்: "பொறுமையா படி, போகப் போகத்தான் விஷயமே வரும்."

அந்த வரியை அடிக்கும் முன் உங்கள் கையை ஒருமுறை பாருங்கள். ஆள்காட்டி விரல் ஏற்கெனவே மேலே எழுந்திருக்கும்.